வீட்டிலிருந்து வேலை: யாருடைய வீட்டிலிருந்து?

பொத்தேரி தொடர்வண்டி நிலையத்தை அடுத்து, பல்கலைக்கழக மாணவர்களை நம்பி எழுந்த வாடகைக் கட்டடங்களுள் ஒன்றில், ஓர் இளைஞர் ஓர் அறைக்கு மாதந்தோறும் வாடகை செலுத்துகிறார். அவர் அங்கே வசிப்பதில்லை. காலையில் வந்து மடிக்கணினியைத் திறக்கிறார். வேலை முடிந்ததும் அறையைப் பூட்டிக்கொண்டு, இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள தம் சேரிக்குத் திரும்புகிறார். அவருடைய பணி ஆணை 'வீட்டிலிருந்து வேலை' என்கிறது. அந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே அவர் நாள்தோறும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருக்கிறது.

காரணம் ஒரு காணொலிக் கூட்டம். ஏழு பேர் கலந்துகொண்ட அக்கூட்டத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, தெருவில் ஒரு சாவு வீட்டின் பறையொலி எழுந்தது. குழுவில் மூத்தவர் ஒருவர், "உங்க தெருவுல தினமும் இதே கச்சேரிதானா? உங்க ஆளுங்களுக்கு இதை விட்டா வேற என்ன தெரியும்?" என்றார். சிலர் சிரித்தனர். மேலாளர் இவரிடம், "மைக்கை அணைச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றார்.

அந்த இளைஞர் எங்களிடம் வந்தபோது கேட்டது ஒன்றே ஒன்று: "நான் என் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். அவர் அவருடைய வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?" அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் தவிர்க்கிறோம். கேள்வியைத் தவிர்க்க இயலாது. வீட்டிலிருந்து வேலை என்பதைப் பயண நேரம், எரிபொருள், கட்டட வாடகை ஆகியவற்றின் மிச்சக் கணக்காகவே இதுவரை பலரும் விவாதித்து வந்துள்ளனர். சாதியச் சமூகத்தில் வீடு என்பது நடுநிலையான இடமன்று. உழைப்பு அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் பெயரும்போது சாதியும் அதனுடன் பெயர்கிறது. சட்டமோ வாசலிலேயே நின்றுவிடுகிறது. இதுவே எங்கள் வாதம்.

மனைக்கட்டும் உழைப்பும்

வீட்டுக்கும் உழைப்புக்கும் உள்ள உறவை இம்மாவட்டம் நன்கு அறியும். 1891ஆம் ஆண்டு செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இம்மாவட்டப் பறையர் மக்களின் நிலை குறித்துச் சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அடுத்த ஆண்டு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணைக்கு வழிகோலிய அறிக்கை என்பதால், பஞ்சமி நில மீட்பில் ஈடுபட்டோர் அனைவரும் அதனை அறிவர். அந்நிலத்தைக் கேட்டுக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

அவ்வறிக்கை விளைநிலத்தை மட்டும் பேசவில்லை, மனைக்கட்டையும் பேசியது. உழைக்கும் மக்கள் குடிசை போட்டிருந்த நத்தமும் மிராசுதாரர்களின் உரிமை கோரலுக்கு உட்பட்டிருந்தது. கூலி போதவில்லை என்று வாய் திறந்தவர், வேறு ஊருக்கு உழைக்கப் போக நினைத்தவர், முதலில் இழக்கக்கூடியது தலைக்கு மேலிருந்த கூரையைத்தான். வீட்டைத் தன் கையில் வைத்திருந்தவன் உழைப்பையும் தன் கையில் வைத்திருந்தான். விடுதலைக்குப் பின்னும் இந்தக் கட்டு அறுபடாததனால்தான், குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு மனையுரிமை வழங்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 1971இல் இயற்ற நேர்ந்தது.

வீடின்மை வேலையைப் பறித்ததற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே சான்று. 1917இல், வெளிநாட்டில் உயர்கல்வி பயின்று திரும்பிய அவர், பரோடா அரசின் பணியில் சேரச் சென்றார். பதவி காத்திருந்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தம் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். செய்தி வெளிப்பட்டதும் தடிகளுடன் வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். நண்பர்களிடம் கேட்டும் இடம் கிடைக்காமல், பொதுப் பூங்கா ஒன்றில் மாலைவரை அமர்ந்திருந்து, பம்பாய்க்கு வண்டி ஏறினார். கல்வியும் பணி ஆணையும் கையில் இருந்த ஒருவரால் அந்நகரில் பணியைத் தொடர முடியாமற்போனதற்குக் காரணம் வீடுதான். பொத்தேரியில் அறை தேடி அலைந்தபோது நம் இளைஞரிடம் உரிமையாளர்கள் கேட்ட முதற்கேள்விகள், "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?" என்பவையே.

கருவியைப் பேசும் விதி

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, வீட்டிலிருந்து வேலை ஒரு நெருக்கடிக்கால ஏற்பாடாக இருந்தது. பின்னர் அது விதியாயிற்று. 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, அழைப்பு மையங்கள் உள்ளிட்ட சேவை நிறுவனங்களுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, பணியாளர்கள் வீட்டிலிருந்து பணிபுரிய நிலையான வழிசெய்தது. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் 43ஏ என்ற புதிய விதி சேர்க்கப்பட்டது. தாம்பரம் மெப்ஸுக்கும் மறைமலை நகரை அடுத்த மகிந்திரா சிட்டிக்கும் இடையில் அமைந்த பொத்தேரி போன்ற ஊர்களின் மீது நேரடித் தாக்கம் செலுத்துவது இந்த விதி.

அதனைப் படித்துப் பார்த்தோம். மண்டலத்துக்கு வெளியே கொண்டு செல்லப்படும் கணினிக்கு அதில் இடமுண்டு. பாதுகாக்கப்பட்ட இணைய இணைப்புக்கு இடமுண்டு. ஏற்றுமதி வருவாய் எந்த அலகின் கணக்கில் சேரவேண்டும் என்பதற்கு இடமுண்டு. அந்தக் கணினி வைக்கப்படும் வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவ்வீட்டில் தனியறை உண்டா, மின்கட்டணத்தை யார் செலுத்துவது, அங்கே பணிபுரிபவர் இழிவுபடுத்தப்பட்டால் அது பணியிடத்தில் நிகழ்ந்ததாகுமா என்பவை விதியின் கவலைகள் அல்ல. 2020 டிசம்பர் இறுதியில் ஒன்றிய அரசு வெளியிட்ட சேவைத் துறைக்கான மாதிரி நிலையாணை வரைவும், நியமன நிபந்தனைக்கோ உடன்பாட்டுக்கோ உட்பட்டு வீட்டிலிருந்து பணிபுரிய முதலாளி அனுமதிக்கலாம் என்பதோடு அமைந்தது.

2017-18இல் நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, கணினி உள்ள குடும்பங்கள் இந்திய ஊரகப் பகுதிகளில் 4.4 விழுக்காடு என்றும் நகர்ப்புறங்களில் 23.4 விழுக்காடு என்றும் பதிவு செய்தது. இணைய வசதியுள்ள குடும்பங்கள் முறையே 14.9, 42 விழுக்காடு. அதன்பின் கைபேசி இணையம் பரவியிருக்கிறது. எனினும் கைபேசியில் காணொலி பார்ப்பதும், எட்டு மணிநேரம் தடையின்றி அலுவலகப் பணி செய்வதும் ஒன்றல்ல. அதற்கு நிலையான இணைப்பு வேண்டும், மேசை வேண்டும், மூடக்கூடிய கதவு வேண்டும். சென்னையிலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் குடியமர்த்தியுள்ள கண்ணகி நகரில், தொடக்கக் கட்டங்களில் கட்டப்பட்ட வீடுகள் ஏறத்தாழ இருநூறு சதுர அடி. அதில் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கிய பின் எஞ்சும் இடம் எவ்வளவு?

அதே கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி மக்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள். மேசைகள் வீடுகளுக்குப் பெயர்ந்தபோது, மேசையைத் துடைத்தவரின் வேலை எங்கும் பெயரவில்லை, அது மறைந்தது. ஒரு பிரிவினருக்கு வீட்டிலிருந்து வேலை கிடைத்த அதே நாளில் மற்றொரு பிரிவினருக்கு வேலையே இல்லாமற்போனது.

நான்கு சுவர்கள்

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் (வன்கொடுமை தடுப்பு) சட்டம், 1989இன் 3(1)(ஆர்) பிரிவு, அம்மக்களில் ஒருவரை இழிவுபடுத்தும் நோக்குடன் வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. 3(1)(எஸ்) பிரிவு சாதிப் பெயரைச் சொல்லி வசைபாடுவதைக் குற்றமாக்குகிறது. இரண்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: செயல், பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும்.

இந்தச் சொற்றொடரின் பொருளை உச்ச நீதிமன்றம் படிப்படியாக வரையறுத்துள்ளது. 2008இல் சுவரண் சிங் வழக்கில், கட்டடத்துக்குள் நிகழ்ந்தாலும் உறவினர், நண்பர் அல்லாத பொதுமக்கள் அங்கிருந்தால் அது பொதுப் பார்வைக்குட்பட்டதே என்று கூறியது. 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில், உத்தரகாண்டைச் சேர்ந்த பட்டியல் சாதிப் பெண் ஒருவர் தம் கட்டடத்தின் நான்கு சுவர்களுக்குள் இழிவுபடுத்தப்பட்டதாகக் கூறிய புகாரில், பொதுமக்கள் எவரும் உடனில்லை என்பதால் இச்சட்டத்தின்படியான குற்றச்சாட்டை நீக்கியது. 2025 ஜனவரியில், திருச்சி மாவட்டம் லால்குடியிலிருந்து சென்ற வழக்கில், வருவாய்த் துறை அலுவலர் ஒருவர் தம் அலுவலக அறைக்குள் சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்டதாக அளித்த புகாரும் அதே காரணத்தால் முறிந்தது. சக ஊழியர்கள் பின்னரே அவ்வறைக்குள் வந்தனர் என்பதை நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

மறுபுறம், 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், பழங்குடிப் பெண் ஒருவரை இழிவுபடுத்திய காணொலி இணையத்தில் பதிவேற்றப்பட்ட வழக்கில், இணையத்தில் எவரும் காணத்தக்க ஒன்று பொதுப் பார்வைக்குட்பட்டதே என்றும், அதனை ஒருவர் காணும் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவர் அங்கே இருப்பதாகவே கொள்ளவேண்டும் என்றும் கூறி, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு முன்பிணை மறுத்தது.

ஒரு முனையில் பூட்டிய அறை. மறுமுனையில் உலகமே காணும் யூடியூப். காணொலிப் பணிக்கூட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஏழு பேர், ஏழு வீடுகள். ஒவ்வொருவரும் தத்தம் நான்கு சுவர்களுக்குள் இருக்கின்றனர். ஆயினும் ஒருவர் சொன்னதை அறுவர் கேட்கின்றனர். அவர்கள் நண்பர்களோ உறவினர்களோ அல்லர். ஊதியம் பெறும் சக பணியாளர்கள். ஆகவே சுவரண் சிங் தீர்ப்பின் அளவுகோலின்படி அக்கூட்டம் பொதுப் பார்வைக்குட்பட்ட இடமே என்பது எங்கள் வாதம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 'நான்கு சுவர்கள்' என்ற சொல்லைப் பற்றிக்கொள்வார் என்பதையும் அறிவோம். இதை அந்த இளைஞரிடம் மறைக்கவில்லை. வழக்கு நிற்கக்கூடும், தோற்கவும்கூடும் என்றே சொன்னோம். அங்கே சாதிப் பெயர் உச்சரிக்கப்படாததால் 3(1)(எஸ்) பிரிவு பொருந்துவது கடினம். 'உங்க ஆளுங்க' என்ற சொல்லின் நோக்கத்தை 3(1)(ஆர்) பிரிவின்கீழ் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். சாதி இன்று பெயர் சொல்லாமலே பேசக் கற்றுக்கொண்டுவிட்டது. சட்டம் அந்த மொழியை இன்னும் கற்கவில்லை.

வீட்டைப் பணியிடமென ஏற்ற சட்டம்

பணியின் பொருட்டு வீட்டுக்குள் சட்டம் நுழைய முடியாது என்பாருக்கு, நுழைந்த ஒரு சட்டத்தைக் காட்டலாம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்பதன் விளக்கத்திலேயே வசிப்பிடத்தையும் வீட்டையும் சேர்த்துள்ளது. வெவ்வேறு மாநிலங்களில் இருந்தபடி இணைய வழியில் பணிபுரியும் இருவருக்கும் பணியிடம் ஒன்றே என்று 2021இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ஒரு வங்கி அலுவலர் தொடர்பான வழக்கில் ஏற்றுக்கொண்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் உள்விசாரணைக் குழு அமைத்தே ஆகவேண்டும்.

இந்தச் சட்டத்தின் வேர், 1997இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்பில் உள்ளது. அத்தீர்ப்புக்கு வித்திட்டவர், ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் பணியைச் செய்ததற்காக ஆதிக்க சாதி ஆண்களின் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான குயவர் குலப் பெண்ணான பன்வாரி தேவி. அவருக்கு இழைக்கப்பட்டதில் பாலினமும் சாதியும் பின்னிப் பிணைந்திருந்தன. அதிலிருந்து பிறந்த சட்டம் பாலினத்தை எடுத்துக்கொண்டது, சாதியை விட்டுவிட்டது. இன்றும் தனியார் நிறுவனத்தில் சாதியப் பாகுபாட்டை விசாரிக்கும் குழுவை அமைக்க எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. இட ஒதுக்கீடும் இல்லாத துறையில், பரிந்துரையின் வழியே வேலை கிடைக்கும் துறையில், புகார் செய்பவர் எவரிடம் செல்வார்? சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களுள் தலித் குடும்பப் பெயர் தாங்கியவற்றுக்கு நேர்காணல் அழைப்பு குறைவாகவே வந்ததைக் காட்டியது. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசு, தலித் பொறியாளர் ஒருவருக்காகச் சிஸ்கோ நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தபோதுதான், இத்துறையின் சாதி உலக அளவில் பேசுபொருளாயிற்று.

இன்னொரு தரப்பு

எங்கள் தோழர்களுள் சிலர் இதற்கு நேர்மாறாகக் கூறுகின்றனர். அலுவலக உணவுக்கூடத்தின் 'நீங்க சைவமா?' என்ற கேள்வியிலிருந்தும், முதுகைத் தட்டிப் பூணூல் தேடும் கையிலிருந்தும், வார இறுதி விருந்துகளின் ஒதுக்கலிலிருந்தும் வீட்டிலிருந்து வேலை தங்களை விடுவித்தது என்கின்றனர். மாற்றுத்திறனாளிகளுக்கும் கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கும் அது இன்றியமையாதது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டமே, விடுப்புக்குப் பின் உடன்பாட்டின் பேரில் வீட்டிலிருந்து பணிபுரிய வழிசெய்திருந்தது. இவை அனைத்தும் உண்மை. ஆகவே வீட்டிலிருந்து வேலையை ஒழிக்க வேண்டும் என்று நாங்கள் கோரவில்லை. அலுவலகச் சாதியிடமிருந்து தப்ப வீட்டுக்கும், வீட்டு முகவரி காட்டிக்கொடுக்கும் சாதியிடமிருந்து தப்ப வாடகை அறைக்கும் ஒருவரை ஓடவைக்கும் நிலையைத்தான் ஒழிக்கச் சொல்கிறோம். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். முகவரியில் அந்தச் சொல் மறைந்தாலும், திறந்திருக்கும் ஒலிவாங்கி தெருவைச் சொல்லிவிடுகிறது.

புதியதோர் ஆபத்தையும் சுட்ட வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுள் ஒன்றான சமூகப் பாதுகாப்புச் சட்டம், வீடுசார் தொழிலாளர் என்ற பிரிவை, பொருள் உற்பத்தியோடு சேவையையும் சேர்த்து வரையறுத்து, அமைப்புசாராத் தொழிலாளர்களுடன் வைக்கிறது. பீடி சுற்றுவோருக்கும் அப்பளம் இடுவோருக்கும் ஏற்பு கிடைப்பது நல்லதே. ஆனால் நிரந்தரப் பணியாளரை 'ஆலோசகர்' என்று பெயர் மாற்றி வீட்டுக்கு அனுப்பும் நிறுவனம், அவரை இந்தப் பிரிவுக்குள் தள்ளிவிட்டுத் தன் பொறுப்பைக் கைகழுவலாம். வீடுசார் பணி குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1996ஆம் ஆண்டு உடன்படிக்கை, மற்றக் கூலித் தொழிலாளருக்கு இணையாக இவர்களையும் நடத்தக் கோருகிறது. இந்தியா அதனை இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட வேண்டும்: பணியின் பொருட்டு மின்னணு வழியில் கூடும் கூட்டமும் குழு உரையாடலும் பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடமே. இரண்டாவது, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே தனியார் நிறுவனங்களில் சாதியப் பாகுபாட்டை விசாரிக்கும் குழு கட்டாயமாக்கப்பட வேண்டும். மூன்றாவது, வீட்டிலிருந்து வேலை பணியாளரின் விருப்பத்தின் பேரில் அமைய வேண்டும். இணையம், மின்சாரம் ஆகியவற்றின் கூடுதல் செலவைப் போர்ச்சுகல் 2021இல் இயற்றிய சட்டத்தைப் போல முதலாளியே ஏற்க வேண்டும். வீட்டின் உட்புறத்தைக் காட்டுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது.

நான்காவது, தமிழ்நாடு அரசு உடனே செய்யக்கூடியது. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், குறைந்த கட்டணத்தில் மேசையும் இணையமும் தரும் பொதுப் பணிக்கூடம். நம் சேரிகளில் முந்தைய தலைமுறை, தன் உழைப்பில் அம்பேத்கர் படிப்பகங்களைக் கட்டியது. முதல் பட்டதாரிகள் பலர் அங்கிருந்து வந்தவர்களே. ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என அறிவிக்கப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், அந்தப் படிப்பகங்களோடு பணிக்கூடங்களும் எழுப்பப்பட வேண்டும்.

அதுவரை, இத்தகைய இழிவுக்கு ஆளாவோர் செய்யவேண்டியவை உண்டு. கூட்டத்தின் பதிவு இருந்தால் அதனைப் பாதுகாக்குமாறு அன்றே மின்னஞ்சலில் கேளுங்கள். கலந்துகொண்டோரின் பெயர்ப் பட்டியலையும் உரையாடல் பதிவையும் படமெடுத்து வையுங்கள். சொல்லப்பட்ட சொற்களை மாற்றாமல், தேதியுடன் எழுதி வையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் தேவை. கருவியை அழிக்கவோ மாற்றவோ செய்யாதீர்கள். காவல்துறையில் புகார் அளித்தால், முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று சட்டத்தின் 18ஏ பிரிவு கூறுவதை நினைவூட்டுங்கள்.

அந்த இளைஞர் இன்னும் காவல் நிலையத்துக்குச் செல்லவில்லை. பதிவைப் பாதுகாக்குமாறு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார். பொத்தேரி அறையின் வாடகையை ஒவ்வொரு மாதமும் தம் ஊதியத்திலிருந்து செலுத்துகிறார். நிறுவனத்தின் கணக்கில் அவர் வீட்டிலிருந்து வேலை செய்பவர். அந்த வாடகையை இனி அவர் செலுத்த வேண்டியிராத நாளுக்காகத்தான் இந்தக் கோரிக்கைகள்.